செடிக்கு முன் சன்னலைப் பாருங்கள்

"வெயில் படும் சன்னலோரத்தில் வைக்கச் சின்னதாக ஒரு செடி சொல்லுங்கள்" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது? பெரும்பாலோருக்கு உடனே பதில் வராது. வாசல் எந்தப் பக்கம் என்பது நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். வீடு வாங்கும்போதே விசாரித்திருப்பார்கள். வரவேற்பறைச் சன்னல் என்று வந்தால் "நல்ல வெளிச்சம் வரும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த மூன்று சொற்களை நம்பிக் கடைக்குப் போய், பார்க்க அழகாக இருப்பதை வாங்கி வருகிறோம். இரண்டு மாதத்தில் தொட்டி மட்டும் மிஞ்சுகிறது. செடியைத் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் தொடங்கக்கூடாது, வீட்டுச் சன்னலில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான அறிவியல் உயர்நிலைப் பள்ளிப் பாடத்தைத் தாண்டியதும் இல்லை.

செடி பட்டுப்போனால் நம் வீடுகளில் சொல்லப்படும் காரணம் கைராசி. ஒளிச்சேர்க்கைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது உயர்நிலை 2 மாணவி ஒருத்தி ஒரு கதை சொன்னாள். அவள் அம்மா மூன்று முறை துளசி வைத்தாராம், மூன்றும் பட்டுப்போயின. இனி துளசியை அம்மா தொடவே கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டாராம். செடி எங்கே இருந்தது என்று விசாரித்தேன். சன்னலுக்கு உள்பக்கம், எதிரே இன்னொரு புளோக், மேலே கான்கிரீட் மறைப்பு. நேரடி வெயில் நாளுக்கு அரை மணி நேரம் விழுந்தாலே அதிகம். அந்த இடத்தில் யார் வைத்தாலும் துளசி பிழைத்திருக்காது. செடியின் விலை ஐந்து வெள்ளி, போனால் போகிறது. வீட்டில் ஒரு பெண்ணின் மேல் ஏற்றிவைத்த பேச்சு அப்படி எளிதில் போவதில்லை. அதனால்தான் இதை ஒரு பொழுதுபோக்குச் சங்கதியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சன்னல் செடிகளைப் பற்றிய நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. "தெற்குச் சன்னலே அதிக வெயில் படும் சன்னல்" என்று அவை சொல்லும். லண்டனுக்கு அது உண்மை. அந்நகரம் பூமத்திய ரேகையிலிருந்து 51 பாகைக்கும் மேல் வடக்கே இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தென்வானில்தான் நிற்கும். டிசம்பரில் தொடுவானத்துக்கு மேல் 15 பாகை உயரம்தான் ஏறும். சாய்ந்து வரும் அந்த வெயில் தெற்குச் சன்னல் வழியாக அறையின் உள்சுவர்வரை போகும். நாம் இருப்பதோ ஏறக்குறைய 1.3 பாகை வடக்கில். நமக்குச் சூரியன் மார்ச் பிற்பகுதியிலும் செப்டம்பர் பிற்பகுதியிலும் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து போகும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை அது நமக்கு வடக்கே. மீதி ஆறு மாதம் தெற்கே. ஆகவே சிங்கப்பூரில் வடக்குச் சன்னலுக்கு அரை ஆண்டு, தெற்குச் சன்னலுக்கு மறு அரை ஆண்டு என்று வெயில் முறைவைத்துக்கொண்டு வருகிறது. எந்த மாதத்தில் செடி வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியமாகிவிடுகிறது. ஜூனில் வடக்குச் சன்னலில் செழித்த செடி டிசம்பரில் இளைத்தால், நீங்கள் ஏதோ செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சூரியன் வீட்டின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

முறைவைத்து வரும் அந்த வெயிலும் முழுதாக உள்ளே வருவதில்லை. ஜூன் நண்பகலில் சூரியன் வடவானில் 68 பாகை உயரத்தில் நிற்கும். சன்னலுக்கு மேலே 60 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் மறைப்பு அப்போது தனக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு நிழல் போடும். கோணமானியும் முக்கோணவியலும் தெரிந்த எந்த மாணவரும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காலையிலும் மாலையிலும் மட்டும் ஓரமாகச் சாய்ந்த வெயில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். மேற்கு வெயிலைத் தவிர்ப்பதற்காகப் பல புளோக்குகளின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தே கட்டப்பட்டுள்ளன. வீடு குளிர்ச்சியாக இருக்க அது நல்ல ஏற்பாடு. செடி வளர்ப்பவருக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

உண்மையில் வெயில் படும் சன்னல் என்றால் இங்கே கிழக்கும் மேற்கும்தான். இதில் நம் கடிகாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் நாம் உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருக்கிறோம். நம் தீர்க்கரேகையைப் பார்த்தால் ஏழு மணி நேரமே போதும். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. காலை 7 மணி வாக்கில் உதிக்கும் சூரியன் 1 மணிவரை கிழக்குச் சன்னலுக்குச் சொந்தம்; பிறகு இரவு 7 மணி வாக்கில் மறையும்வரை மேற்குச் சன்னலுக்குச் சொந்தம். எதிர் புளோக் இருந்தால் இந்தக் கணக்கும் சுருங்கும். அதன் உயரமும் அது நிற்கும் தூரமும் ஒன்றாக இருந்தால், சூரியன் 45 பாகை ஏறிய பிறகே, அதாவது காலை 10 மணி வாக்கில்தான், கீழ்மாடி வீட்டுக்கு முதல் வெயில் கிடைக்கும். ஒரே புளோக்கில் ஒரே திசையில் இருந்தாலும் இரண்டாம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் ஒரே செடி சரிவராது. மேல்மாடித் தோழி வீட்டில் பூத்ததைப் பார்த்து ஆசைப்படுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

கிழக்கும் மேற்கும் ஒன்றுதானே, இரண்டுக்கும் ஆறு மணி நேரம்தானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வெளிச்சக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பக் கணக்கில் வேறு. காலை வெயில் விழும்போது காற்றும் சுவரும் இரவின் குளிர்ச்சியில் இருக்கும். பிற்பகல் 3 மணி வெயில் விழும்போது காற்று 31, 32 டிகிரி செல்சியசைத் தொட்டிருக்கும். கான்கிரீட்டும் சன்னல் கம்பியும் சூடேறியிருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி அதற்குமேல் சுடும். இலை தாங்கினாலும் வேர் தாங்காது. நடுப்பகலில் இடிமழை மேகம் திரண்டால் மேற்குச் சன்னலுக்கு அன்றைக்கு விடுமுறை. மேற்குச் சன்னல் தாராளமானது, ஆனால் ஒழுங்கில்லாதது என்று வகுப்பில் சொல்வேன்.

வெளிச்சத்தை அளக்கும் வேலையைக் கண்ணிடம் ஒப்படைக்காதீர்கள். திறந்தவெளியில் நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நேரடி வெயில் படாத சன்னலோரத்தில் சில ஆயிரம் இருக்கலாம். அறையின் நடுவில் இருக்கும் மேசையில் சில நூறுதான். ஆனாலும் அங்கே உட்கார்ந்து நாளிதழ் படிக்க நமக்குச் சிரமமில்லை, ஏனென்றால் கண்மணி விரிந்துகொடுக்கிறது, விழித்திரையும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இலைக்கு அந்த வசதி கிடையாது. வந்து விழும் ஒளியை எண்ணித்தான் அது சர்க்கரை தயாரிக்கிறது. 2020இல் தேசிய பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலங்கள் அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். முளைத்த கீரை நூல்போல நீண்டு சாய்ந்துவிட்டது என்று அப்போது என்னிடம் குறைப்பட்டவர்கள் உண்டு. விதையில் கோளாறு இல்லை. கீரைக்குப் பொதுவாக நாளுக்கு நான்கு மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும், தக்காளிக்கும் வெண்டைக்கும் அதற்கு மேல். அது கிடைக்காத இடத்தில் செடி ஒளியைத் தேடித் தண்டை நீட்டும்.

செய்ய வேண்டியது மிக எளிது. வீட்டில் இருக்கும் ஒரு சனிக்கிழமை, காலை 7 மணியிலிருந்து மணிக்கு ஒரு தடவை, செடி வைக்கப்போகும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்தால் நேரடி வெயில். மங்கலாக, ஓரம் கரைந்து விழுந்தால் சுற்றுவெளிச்சம். நிழலே தெரியவில்லை என்றால் செடிக்கு அது இருட்டு. கூர்மையான நிழல் எத்தனை மணி நேரம் விழுந்தது என்று நாள்காட்டியின் ஓரத்தில் குறித்துவையுங்கள். மேகமூட்டமான நாளாகிவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு முறை பார்க்க வேண்டியதுதான். கைத்தொலைபேசியில் லக்ஸ் காட்டும் செயலிகளும் உண்டு. துல்லியம் போதாது, ஆனாலும் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிட உதவும். வகுப்பில் இலையைக் கொதிக்கவைத்து, நிறம் நீக்கி, அயோடின் ஊற்றி மாவுச்சத்துச் சோதனை செய்கிறோம். நல்ல சோதனைதான். அதே பாடத்தின் வீட்டுவேலையாகச் சொந்தச் சன்னலின் வெயில் நேரத்தை வரைந்துவரச் சொன்னால், அது தேர்வுத்தாளோடு முடிந்துபோகாது.

இப்போது கடைக்குப் போவோம். கண்ணில் முதலில் படுவது ரோஜாப்பூ வடிவில் இலையடுக்கிய குட்டிக் குட்டிச் சதைப்பற்றுச் செடிகள். எச்செவேரியா என்ற இனமும் அதன் உறவுகளும்தான் அவற்றில் அதிகம். வெயில் சன்னலுக்கு இதைவிடப் பொருத்தமானது உண்டா என்று தோன்றும். என் பார்வையில், சிங்கப்பூரில் புதிதாகச் செடி வளர்ப்பவருக்கு விற்கக்கூடாத செடி இது.

காரணம் இரவில் இருக்கிறது. வறண்ட நிலத்துச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் உள்ளே இருக்கும் நீரெல்லாம் ஆவியாகிவிடும். அதனால் அது இரவில் திறந்து கரியமிலவாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்துவைத்துக்கொள்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த வாயுவை வெளியே எடுத்து, சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. இரவுக் கொள்முதல், பகல் உற்பத்தி. இந்த முறை நன்றாக நடக்க இரவு குளிர்ந்திருக்க வேண்டும். எச்செவேரியாவின் தாயகமான மெக்சிகோ மேட்டுநிலங்களில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வெகுவாக மாறும். நம் இரவுகள் வழக்கமாக 24, 25 டிகிரியிலேயே நின்றுவிடுகின்றன. வெப்பமான இரவில் கொள்முதல் குறையும். சுவாசத்துக்காகச் செடி எரிக்கும் சர்க்கரை கூடும். வரவு சுருங்கி, செலவு பெருகிய வீட்டின் கதைதான். அதோடு விடியற்காலையில் நம் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். தொட்டி மண் காய நாளாகும், வேர் அழுகும். குளிரூட்டிய அறையில் விளக்கின் கீழ் அதை அழகாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மெக்சிகோ இரவுக்கு மின்கட்டணம் செலுத்துகிறார்கள்.

இரவில் மூச்சுவாங்கும் செடிகள் எல்லாமே நமக்கு ஆகாதவை என்று இதற்குப் பொருளில்லை. அன்னாசியும் அதே முறையில்தான் உணவு தயாரிக்கிறது, ஜொகூரில் அமோகமாக விளைகிறது. டிராகன் பழமும் அப்படியே. வெப்பமான ஆப்பிரிக்கத் தாழ்நிலத்திலிருந்து வந்த பாம்புச்செடி நம் வீடுகளில் யார் கவனிக்காவிட்டாலும் வளர்கிறது. ஆக, செடி எந்த ஊர்க்காரர், அந்த ஊரின் இரவு எப்படி இருக்கும் என்று பார்த்து வாங்குவது நல்லது. பெண் எடுக்கும்போது விசாரிக்கும் அளவுக்கு வேண்டாம், கொஞ்சம் விசாரித்தால் போதும்.

மேற்குச் சன்னலில் கூர்மையான நிழல் நான்கு மணி நேரத்துக்கு மேல் விழுந்தால், டேபிள் ரோஸ் வையுங்கள். பருப்புக்கீரையின் உறவு, தண்டைக் கிள்ளி ஊன்றினாலே வேர்விடும், வெயில் ஏறினால்தான் பூ விரியும். பத்து மணிப் பூ என்றும் இதற்குப் பெயர். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் இங்கே அது பதினொரு மணிப் பூ என்று வைத்துக்கொள்ளலாம். சீனப் புத்தாண்டுச் சமயத்தில் கடைகளில் குவியும் பாலைவன ரோஜாவும், அதாவது ஆடீனியமும், மேற்கு வெயிலுக்கு அஞ்சாது. ஆனால் அதன் பால் இதயத்தைப் பாதிக்கும் நச்சு; ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவப் பயன்பட்டது. கைக்குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

கிழக்குச் சன்னல் வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மூன்று நான்கு மணி நேரக் காலை வெயில் கிடைத்தால் துளசி வரும், கற்பூரவல்லி வரும், தண்ணீரை மறக்காதவர்களுக்குப் புதினாவும் வரும். முதல் செடி எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் கற்பூரவல்லி என்பேன். தடித்த இலையில் நீரைச் சேமித்துக்கொள்ளும் என்பதால் இரண்டு நாள் மறந்தாலும் மன்னிக்கும்; அதே சமயம் எச்செவேரியாபோல இரவுக் குளிரைக் கேட்காது. தேக்காவில் தேடி அலையவும் வேண்டாம், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிளை வாங்கி ஊன்றினால் போதும். இருமலுக்கும் ஆகும், பஜ்ஜிக்கும் ஆகும். கறிவேப்பிலையைச் சன்னலில் வைக்க ஆசைப்படுவோர் நிறைய. அது மரம். சில மாதங்கள் தொட்டியில் இருந்து காட்டும், பிறகு இடம் கேட்கும்.

வடக்கு, தெற்குச் சன்னல்காரர்களுக்குப் பாம்புச்செடியும், சன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளிவைத்த மணி பிளான்டும் பொருந்தும். இரண்டு பக்கமும் சன்னல் இருக்கும் வீடு என்றால், வெயில் கேட்கும் செடியை ஆண்டுக்கு இரு முறை இடம் மாற்றுங்கள். நாள் நினைவுவைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: பள்ளிகளுக்கு மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரும் ஒரு வார விடுமுறை. மார்ச் விடுமுறையில் வடக்குக்கு, செப்டம்பர் விடுமுறையில் தெற்குக்கு. பிள்ளைகளிடமே அந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

சரியான செடியை வாங்கினாலும் முதல் வாரத்திலேயே இலை வெளுத்துக் கருகுவதுண்டு. கடைகளில் செடிகள் பெரும்பாலும் நிழல்வலையின் கீழ் நிற்கின்றன. நிழலில் விரிந்த இலை மெல்லியது, அகலமானது. கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிப்பதற்காக அமைந்தது. அதைக் கொண்டுவந்து அன்றே மேற்கு வெயிலில் வைத்தால், பயன்படுத்த முடியாத அளவு ஒளி வந்து பச்சையம் சிதைகிறது. அந்த இலை திரும்பவும் தேறாது. புதிதாகத் துளிர்க்கும் இலைதான் தடித்து, வெயிலுக்கு ஏற்ப வரும். இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னலை நோக்கி நகர்த்துங்கள். அந்த இரண்டு வாரப் பொறுமை இல்லாததால்தான் பலருக்குக் கைராசி இல்லாமல் போகிறது.

தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய செடி வேண்டும் என்றால் சிறிய தொட்டி வேண்டும் என்று பொருளில்லை. விட்டமும் உயரமும் 5 சென்டிமீட்டராக இருக்கும் குட்டித் தொட்டியை 10 சென்டிமீட்டராக்கினால் மண்ணின் அளவு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். வெயில் படும் வெளிப்பரப்போ நான்கு மடங்குதான் கூடும். அதாவது ஒவ்வொரு பிடி மண்ணும் மெதுவாகச் சூடேறும், மெதுவாகக் காயும். பரிசாகக் கொடுக்கப்படும் அந்தக் குட்டித் தொட்டிகள் வெயில் சன்னலில் ஒரே நாளில் காய்ந்துபோகும். வெளிர்நிறத்தில், அடியில் துளையுடன், குறைந்தது 12 சென்டிமீட்டர் தொட்டியாகப் பாருங்கள்.

அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில். முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் ஒரு வாரம் போதும், கொசுவாகப் பறக்கும். தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இன்னொன்று, தொட்டி சன்னலுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். வெயில் அதிகம் கிடைக்கும் என்று வெளி விளிம்பில் வைத்தால், விழுவது பத்து மாடிக்குக் கீழே நடந்துபோகும் ஒருவரின் தலையில்.

செயற்கை விளக்கு போட்டு எந்தச் செடியையும் எங்கும் வளர்க்கலாமே என்பார்கள். வளர்க்கலாம். ஆனால் பகலில் சூரியனும் இரவில் 24 டிகிரியும் இலவசமாகக் கிடைக்கும் ஊரில், முதல் செடிக்கே விளக்கும் நேரக்கருவியும் வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

கடைக்காரர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. செடியில் செருகியிருக்கும் அட்டையில் "பிரகாசமான மறைமுக ஒளி" என்று அச்சடித்திருக்கிறார்கள். அது எந்த நாட்டுச் சன்னலின் மறைமுக ஒளி? "கிழக்கு, காலை வெயில் 3 மணி நேரம்", "மேற்கு, 4 மணி நேரத்துக்கு மேல்", "எச்செவேரியா: குளிரூட்டிய அறைக்கு மட்டும்" என்று நம் ஊருக்காக ஒரு வரி எழுத என்ன செலவாகும்? அப்படி எழுதினால் விற்பனை குறையும் என்று ஒரு கடைக்காரர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். செடி செத்தால்தானே மறுபடி வாங்க வருவார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை. மூன்று துளசி பட்டுப்போன வீட்டில் நான்காவதை யாரும் வாங்குவதில்லை.